நடையை அளந்தோர்

1836ஆம் ஆண்டில், ஜேர்மனியின் ஹனோவர் இராச்சியத்தில் இரண்டு காரியங்கள் நிகழ்ந்தன. ஒன்றுக்கும் மற்றதற்கும் அன்று யாதொரு தொடர்பும் இருக்கவில்லை. ஹனோவர் நகரிலே லூயிஸ் ஸ்ற்றோமையர் என்னும் சத்திரவைத்தியர், லண்டனிலிருந்து தம்மை நாடி வந்த இளம் மருத்துவர் ஒருவரின் கோணற்பாதத்தைச் சீர்செய்தார். தோலின் கீழே சிறு கத்தியைச் செலுத்திக் குதிநாணை வெட்டிவிடும் முறை அது. அதே இராச்சியத்தின் பல்கலைக்கழக நகரான கொற்றிங்கனில், வில்ஹெல்ம் வேபர், எடுவார்ட் வேபர் என்னும் சகோதரர் இருவர் மனிதன் நடக்கும் விதத்தை ஆராய்ந்து ஒரு நூலை வெளியிட்டனர். கடிகாரமும் அளவுநாடாவும் தொலைநோக்கியுமே அவர்களுடைய கருவிகள்.

நோயுற்ற காலும் அளவுநாடாவும் இவ்வாறு ஒரே ஆண்டில், ஒரே நாட்டில், அருகருகே தோன்றின. எனினும், அவை ஒன்றையொன்று சந்திப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேலாயின.

கால் சீர்பெற்ற அந்த இளைஞரின் பெயர் வில்லியம் ஜோன் லிற்றில். குழந்தைப் பருவத்தில் வந்த இளம்பிள்ளை வாதம் அவருடைய ஒரு பாதத்தைக் கோணலாக்கியிருந்தது. தாம் பெற்ற சுகத்தைப் பிறருக்கும் அளிக்க வேண்டும் என்ற எண்ணத்துடன் லண்டன் திரும்பிய அவர், ஊனமுற்ற பிள்ளைகளையே தம் வாழ்நாள் முழுவதும் பார்த்துவந்தார். அவர்களுள் ஒரு வகையினர் அவருடைய கருத்தைப் பெரிதும் கவர்ந்தனர். இவர்களுடைய கால்கள் இளம்பிள்ளை வாதத்திற் போலத் தளர்ந்து தொங்கவில்லை. மாறாக விறைத்து நின்றன. குதிகால் நிலத்திற் படாது. முழங்கால்கள் மடிந்து ஒன்றோடொன்று உரசும். பிள்ளை முன்விரல்களில் நின்று, ஒரு காலை மற்றதற்குக் குறுக்கே போட்டு நடக்கும். பழுது காலில் அன்று, பிறப்பின்போதோ அதனை அடுத்தோ மூளைக்கு ஏற்பட்ட கேட்டிலேயே உள்ளது என்று லிற்றில் கண்டார். 1843ஆம் ஆண்டிலிருந்து தாம் நிகழ்த்திய விரிவுரைகளிலும், 1861இல் லண்டன் மகப்பேற்று மருத்துவர் சங்கத்தின் முன் படித்த கட்டுரையிலும் இதனை விளக்கினார். நெடுங்காலம் அது 'லிற்றிலின் நோய்' என்றே வழங்கியது. இன்று அதனைப் பெருமூளை வாதம் என்கிறோம்.

கனவுகளை ஆராய்ந்தவராக உலகம் அறிந்த சிக்மண்ட் பிராய்ட், அப்புகழை அடையுமுன் இந்த நோயைப் பற்றிப் பெரியதொரு நூலை 1897இல் எழுதினார் என்பது பலர் அறியாத செய்தி. கடினமான பிரசவம் நோய்க்குக் காரணமாக இல்லாமல், கருவிலேயே நேர்ந்த வேறொரு குறையின் அறிகுறியாகவும் இருக்கலாம் என்று அவர் கூறினார். பிற்காலத்து ஆராய்ச்சி அவருடைய ஐயத்திற்குப் பெருமளவு இடங்கொடுத்திருக்கிறது.

பெருமூளை வாதத்தின் ஒரு தன்மையை இங்கே குறிப்பிடுதல் வேண்டும். மூளையில் ஏற்பட்ட கேடு மேலும் பரவுவதில்லை. ஆனால் பிள்ளை வளர்கிறது. எலும்பு நீளுகையில் விறைத்த தசை அதற்கு ஈடாக நீளாது. ஆகவே நடை ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டேயிருக்கும். இந்த மாற்றத்தில் எவ்வளவு வளர்ச்சியால் வந்தது, எவ்வளவு நோயால் வந்தது, எவ்வளவு வைத்தியத்தால் வந்தது என்று பிரித்தறிவது எங்ஙனம்? லிற்றிலுக்கும் அவருக்குப் பின் வந்த மூன்று தலைமுறை வைத்தியர்களுக்கும் இதற்கென இருந்த கருவி கண் ஒன்றே.

அளவுநாடாவின் கதை இதற்கிடையில் வேறு வழியாகச் சென்றது. பாரிஸ் நகரத்து எற்றியன் யூல் மாரே, காற்றறை பொருத்திய சப்பாத்துக்களை மனிதருக்கு அணிவித்து, ஒவ்வோர் அடியும் நிலத்தில் அழுந்தும் நேரத்தைப் பதிவுசெய்தார். பின்பு கறுப்பு உடை தரித்த ஒருவனுடைய கைகால்களின் நெடுகிலும் வெண்கோடுகள் இட்டு, அவன் நடக்கையில் ஒரே தகட்டிற் பல தடவை ஒளிப்படம் பிடித்தார். 1891இல் லைப்சிக் நகரிலே வில்ஹெல்ம் பிரவுனே, ஒட்டோ பிஷர் என்போர் ஒரு போர்வீரனுடைய உடலில் ஒளிரும் கண்ணாடிக் குழாய்களைக் கட்டி, இருளில் அவனை நடக்கவிட்டுப் படமெடுத்தனர். குழாய்களைப் பொருத்துவதற்கு மட்டும் பல மணி நேரம் சென்றது. அவன் நடந்ததோ சில அடிகள். பிரவுனே மறுவருடம் காலமானார். பிஷர் அந்தச் சில அடிகளின் கணிதத்தை முடித்து வெளியிடுவதற்கு 1904 வரை சென்றது. ஒரு போர்வீரன் இரண்டு மூச்சில் நடந்து முடித்ததைக் கணிக்க ஓர் அறிஞருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிய விந்தை அது. இத்தகைய முறையை அழுகின்ற பிள்ளையொன்றிடம் கொண்டுசெல்வது எவ்வாறு?

எனவே வைத்தியசாலைகளில் கண்ணே தொடர்ந்து ஆட்சி செய்தது. குதிகால் நிலத்திற் படவில்லையா? குதிநாணை நீட்டு. அடுத்த ஆண்டு முழங்கால் மடிகிறதா? தொடையின் பின்புறத் தசைகளை நீட்டு. மறு ஆண்டு இடுப்பு. இவ்வாறு ஆண்டுதோறும் ஒரு சத்திரசிகிச்சை நிகழ்ந்தது. பிள்ளை தன் பிறந்தநாளை மாவுக்கட்டுடன் வைத்தியசாலைக் கட்டிலிற் கழிக்கும் இந்த வழக்கத்தைக் கனடாவின் சத்திரவைத்தியர் மேர்சர் ராங் 'பிறந்தநாள் நோய்' என்று கசப்புடன் அழைத்தார் என்பர்.

இதனிலும் கொடியது மற்றொன்று. விறைத்த குதிநாணை அளவுக்கு மிஞ்சி நீட்டிவிட்டால், பிள்ளையின் பாதம் நிலத்தில் நன்றாகப் படியும். தாய் மகிழ்வாள், வைத்தியரும் தம் ஏட்டில் 'நன்று' என்று எழுதுவார். ஆனால் உடலின் பாரத்தைத் தாங்கிக் கணுக்காலை நிலைநிறுத்த வேண்டிய கெண்டைத்தசை வலுவிழந்துவிடுவதால், சில ஆண்டுகளில் முழங்கால்கள் மடிந்து, பிள்ளை குந்தியவாறு நடக்கத் தொடங்கும். உடல் வளர வளர அந்த நடை களைப்பைத் தரும். சிலர் நடப்பதையே கைவிடுவர். குதிகாலை மட்டும் பார்த்த கண்ணுக்கு முன்னேற்றமாகத் தோன்றியது, முழுக்காலையும் பார்த்திருந்தால் இழப்பின் தொடக்கமாகத் தெரிந்திருக்கும். அளவின் தேவை இங்கேதான் எழுந்தது. அறிவின் ஆர்வத்திற்காக மாத்திரம் எவரும் பிள்ளைகளை அளக்கப் புகவில்லை.

இரண்டாம் உலக யுத்தத்தில் காலிழந்த வீரர்களுக்கு நல்ல செயற்கைக் கால் செய்யும் நோக்கத்துடன், 1945இன் பின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் வேர்ன் இன்மன் என்னும் சத்திரவைத்தியரும் ஹவார்ட் எபர்ஹார்ட் என்னும் பொறியியலாளரும் நடையை ஆராய்ந்தனர். தொண்டர்களுடைய எலும்பிலேயே ஊசிகளைச் செலுத்தி அவற்றின் அசைவைப் படம் பிடித்தார்கள் என்றால் அவ்வாராய்ச்சியின் தீவிரம் விளங்கும். அந்தப் பள்ளியிற் பயின்ற டேவிட் சதர்லண்ட் அளவுநாடாவைப் பிள்ளைகளிடம் கொண்டுவந்தார். அவர் சினிமாப் படச்சுருளைச் சட்டம் சட்டமாக நிறுத்தி, ஒவ்வொரு மூட்டின் கோணத்தையும் அளந்தார். நோயை அளக்குமுன் சுகத்தை அளத்தல் வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஒரு வயது முதல் ஏழு வயது வரையான சுகதேகிகளான 186 பிள்ளைகளின் நடையை அளந்து 1980இல் வெளியிட்டார். நடைவண்டியை விட்டுத் தள்ளாடும் குழந்தையின் நடை, மூன்று வயதளவிற் பெரியோரின் நடையை ஒத்துவிடுகிறது என்பதும், ஏழு வயதில் அது நன்கு நிலைபெறுகிறது என்பதும் அதனால் தெளிவாயின. அமெரிக்காவின் கொனெக்ரிக்கற் மாநிலத்தில் 1981இல் நடை ஆய்வுகூடம் ஒன்றை நிறுவிய ஜேம்ஸ் கேஜ், அளவெடுத்துப் பார்த்தபின் செய்யவேண்டிய சத்திரசிகிச்சைகள் யாவற்றையும் ஒரே தடவையில் முடிக்கும் முறையைப் பரப்பினார். பிறந்தநாட் சத்திரசிகிச்சைகளின் காலம் படிப்படியாக மறைந்தது.

கண்ணின் ஆட்சி முடிந்து கருவியின் ஆட்சி வந்தது. ஆனால் கருவி ஒரு புதிய தொல்லையையும் உடன் கொண்டுவந்தது. சத்திரசிகிச்சையின் பின் முழங்கால் மூன்று பாகை கூடுதலாக நிமிர்ந்தது என்று அது சொல்லும். மூன்று பாகையால் பிள்ளைக்கு என்ன பயன்? அதனைக் கருவி சொல்லாது.

இந்த வினாவுக்கு விடை தேடிய முயற்சிகளுள் மிக முக்கியமான இரண்டு, கனடாவின் ஹமில்ற்றன் நகரிலுள்ள மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில், 1989ஆம் ஆண்டில் வெளிவந்தன. ஒன்று, டயான் ரசல், பீற்றர் ரோசன்போம் முதலியோர் வகுத்த பேரியக்க அளவுகோல். அதன் விரிந்த வடிவில் 88 செயல்கள் உண்டு. படுத்துப் புரளுதலிலிருந்து இருத்தல், தவழ்தல், நிற்றல் என ஏறி, நடத்தல், ஓடல், பாய்தல் வரை அவை செல்லும். ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் முதல் மூன்று வரை புள்ளி. ஊனமில்லாத ஐந்து வயதுப் பிள்ளை எல்லாவற்றையும் செய்துவிடும். பிள்ளை எவ்வளவு அழகாகச் செய்கிறது என்பதை அது கேட்பதில்லை. எவ்வளவு செய்கிறது என்பதையே கேட்கிறது. கோணலாகவேனும் படியேறினால் ஏறியதுதான். ஆண்டாண்டாக அழகிய நடையையே இலக்காகக் கொண்டிருந்த வைத்திய உலகிற்கு இது சிறிய திருப்பமன்று.

அந்த அளவுகோலைச் சோதித்த விதம் இன்னும் கவனிக்கத்தக்கது. புள்ளிகள் கூடியதை மட்டும் கொண்டு அவர்கள் திருப்தியடையவில்லை. பிள்ளை முன்னேறியிருக்கிறதா என்று பெற்றோரைக் கேட்டனர், இயன்மருத்துவரைக் கேட்டனர், பிள்ளையோடு தொடர்பில்லாத மதிப்பீட்டாளருக்கு முன்னும் பின்னும் எடுத்த வீடியோப் படங்களைக் காட்டிக் கேட்டனர். இத்தனை பேருடைய தீர்ப்போடும் புள்ளிகளின் ஏற்றம் ஒத்துப்போகிறதா என்று பார்த்தனர். தாயின் சொல், வைத்திய ஏட்டில் ஓர் அத்தாட்சியாக இடம்பெற்றது.

மற்றக் கட்டுரை பிள்ளைகளைப் பற்றியதன்று. ரோமன் யேஷ்கே, ஜோயல் சிங்கர், கோர்டன் கையாற் ஆகியோர் இதயநோயும் சுவாசநோயும் உடைய பெரியோரை ஆராய்ந்து எழுதியது. நோயாளி தாமே நன்மையாக உணர்கின்ற மிகச் சிறிய மாற்றம் எவ்வளவு? தொல்லையும் செலவும் மிகுதியாக இல்லாவிடின், வைத்தியத்தை மாற்றுவதற்குத் தகுந்த காரணமாகும் அளவு அது. ஏழு படிகள் கொண்ட கேள்விக்கொத்தில், கேள்வியொன்றுக்குச் சராசரி அரைப் படி என்று அவர்கள் விடை கண்டனர். கருத்துள்ள மாற்றத்தின் கீழெல்லை என்னும் இந்த எண்ணம், பின்னர் மருத்துவத்தின் எல்லாத் துறைகளிலும் பரவியது. பெருமூளை வாதமுள்ள பிள்ளைகளின் நடையிலும் புகுந்தது.

ஆயினும் பிள்ளை பெரியவரைப் போலன்று. அதன் கீழெல்லையே அசைந்துகொண்டிருக்கும் எல்லை. 2002இல் ரோசன்போமும் அவருடன் உழைத்தோரும், ஒன்ராறியோ மாகாணத்தைச் சேர்ந்த 657 பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்து வரைந்த வளைகோடுகளை வெளியிட்டனர். நோயின் கடுமைக்கேற்பப் பிள்ளைகள் ஐந்து நிலையினராக 1997இலேயே வகுக்கப்பட்டிருந்தனர். மிக இலேசான நிலையினர் ஏறக்குறைய ஐந்து வயதளவில் தாம் அடையக்கூடியதில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை அடைகின்றனர். மிகக் கடுமையான நிலையினர் மூன்று வயதாகுமுன்பே அந்த நிலையை எட்டிவிடுகின்றனர். ஆகவே மூன்று வயதுப் பிள்ளை ஓராண்டிற் பத்துப் புள்ளி ஏறினால், அது வைத்தியத்தின் பயன் என்று உடனே கூறிவிட முடியாது. வளர்ச்சியே அதனைத் தந்திருக்கலாம். பதின்மூன்று வயதுப் பிள்ளையிடத்தில் இது தலைகீழாகும். வைத்தியமின்றி விடப்பட்ட பிள்ளைகளின் நடை அந்த வயதிற் பின்னடைவதை 1997ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்று காட்டியிருந்தது. அவ்வயதில் மாற்றமே இல்லாதிருப்பதும் ஒரு வெற்றியாகலாம்.

இந்த எண்களின்மேல் எத்துணைப் பெரிய தீர்மானங்கள் தங்கியுள்ளன என்பதற்கு ஓர் உதாரணம் போதும். முள்ளந்தண்டைத் திறந்து, கால்களிலிருந்து முண்ணாணுக்கு உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் நரம்புவேர்களிற் சிலவற்றை வெட்டிவிட்டால் விறைப்பு தணியும். தென்னாபிரிக்காவின் கேப்டவுண் நகரில் வார்விக் பீக்கொக் திருத்தியமைத்த இந்தச் சிகிச்சை, 1980களில் வட அமெரிக்காவெங்கும் பரவிற்று. வெட்டிய நரம்பை மீளப் பொருத்த இயலாது. ஆகவே வன்கூவர், றொறன்ரோ, சியாற்றில் ஆகிய மூன்று நகரங்களில், பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையில் இரு கூறாகப் பிரித்து, ஒரு கூறினருக்குச் சத்திரசிகிச்சையும் இயன்மருத்துவமும், மறு கூறினருக்கு இயன்மருத்துவம் மட்டும் அளித்துச் சோதித்தனர். 1997, 1998ஆம் ஆண்டுகளில் முடிவுகள் வெளிவந்தன. முதலிரு நகரங்களில் சத்திரசிகிச்சை பெற்றோர் தெளிவாக மேலோங்கினர். சியாற்றிலில் வேறுபாடே காணப்படவில்லை. 2002இல் மூன்றையும் ஒன்றுசேர்த்துக் கணித்தபோது, நூறு புள்ளிகளில் ஏறக்குறைய நான்கு புள்ளிகள் சத்திரசிகிச்சையின் பக்கம் நின்றன.

நான்கு புள்ளி! தற்செயலாக வந்ததன்று என்று கணிதம் உறுதி கூறியது. ஆனால் அந்த நான்கு புள்ளிக்காகப் பிள்ளையின் முதுகைத் திறக்கலாமா என்பதைக் கணிதம் கூறவில்லை. கைப்பிடியைப் பற்றிப் படியேறிய பிள்ளை கைப்பிடியின்றி ஏறுமாயின் அந்த நான்கு பெரிது. பல செயல்களிற் சிதறிக் கிடந்து, வீட்டிலே எவர் கண்ணிலும் படாதாயின் அது சிறிது. ஒரே எண் இரண்டு பிள்ளைகளிடத்தில் இரண்டு பொருள் தரும்.

அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரத்துச் சத்திரவைத்தியர் கேர் கிரஹாமும் அவருடைய தோழர்களும் 2004இல் வெளியிட்ட அளவுகோல், இத்துறையில் வந்தவற்றுள் மிக எளியது; மிகச் சிறந்ததும் அதுவே எனலாம். அதிலே மூன்று தூரங்கள் மட்டும் உண்டு: 5 மீற்றர், 50 மீற்றர், 500 மீற்றர். முதலாவது வீட்டினுள் நடப்பது; இரண்டாவது பாடசாலையில்; மூன்றாவது கடைவீதியில். ஒவ்வொரு தூரத்தையும் பிள்ளை வழக்கமாக எவ்வாறு கடக்கிறது என்று பெற்றோரைக் கேட்பர். சக்கரநாற்காலிக்கு 1, நடைச்சட்டத்துக்கு 2, கக்கதண்டத்துக்கு 3, ஊன்றுகோலுக்கு 4, துணையின்றிச் சமதரையில் நடப்பதற்கு 5, எல்லாத் தரையிலும் நடப்பதற்கு 6. வீட்டிலே சுவரைப் பிடித்து நடக்கும் பிள்ளை, பாடசாலையில் கக்கதண்டத்தோடும் சந்தைக்குச் சக்கரநாற்காலியிலும் செல்லக்கூடும் என்பதைத் தாய்மார் எப்போதும் அறிந்திருந்தனர். வைத்திய அளவுகோல் ஒன்று அதனை அறிந்துகொள்ள இத்தனை காலம் சென்றது. இதே அளவுகோலைக் கொண்டு, ஒரே தடவையிற் பல சத்திரசிகிச்சைகள் பெற்ற பிள்ளைகளை மெல்பேணிலே பின்தொடர்ந்தபோது, முதல் ஆறு மாதங்களில் அவர்கள் முன்னிருந்ததிலும் கீழே இறங்குவதும், ஓராண்டளவிற் பழைய நிலைக்கு மீளுவதும், இரண்டாம் ஆண்டிலேயே மேலேறுவதும் தெரியவந்தன. ஆறாம் மாதத்தில் அளப்பவர் சத்திரசிகிச்சை தோற்றது என்பார். இரண்டாம் ஆண்டில் அளப்பவர் வென்றது என்பார்.

கருவியின் பாகைகளையும் பெற்றோரின் சொல்லையும் ஒன்றிணைத்த முயற்சியும் உண்டு. அமெரிக்காவின் மினசோற்றா மாநிலத்திலுள்ள கிலெற் வைத்தியசாலையில் 2000ஆம் ஆண்டில் வெளியான பத்துப் படிகள் கொண்ட வினாத்தாள் ஒன்றிலே, ஓர் அடியும் எடுத்துவைக்காத நிலை முதல், மேடுபள்ளங்களில் ஓடித்திரியும் நிலை வரை தம் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் பெற்றோர் குறிப்பர். ரிச்சர்ட் பேக்கர் என்னும் ஆராய்ச்சியாளரும் அவரைச் சேர்ந்தோரும், பிள்ளையின் நடை சுகதேகியின் நடையிலிருந்து சராசரி எத்தனை பாகை விலகுகிறது என்பதை ஒரே எண்ணாகச் சுருக்கி 2009இல் வெளியிட்டிருந்தனர். பெற்றோரின் ஒரு படிக்கு இந்தக் கணக்கில் எத்தனை பாகை என்று 2012இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விடை 1.6 பாகை. செந்நிறக் கீழொளிக் கமராக்கள் தந்த எண்ணுக்கு, வீட்டிலிருந்து வந்த சொல் பொருள் தந்தது.

எல்லா எண்களும் இவ்வாறு நேர்மையாகப் பெறப்பட்டவையல்ல. 2008இல் ஏழு வைத்தியசாலைகள் ஒன்றுசேர்ந்து பல அளவுகோல்களுக்குக் கீழெல்லை வகுத்தபோது, புள்ளிகளின் பரம்பலை வைத்து, நியம விலகலின் பாதி, பத்தில் எட்டு என்பவற்றையே எல்லையாகக் கொண்டனர். கணிதத்தில் இதற்கு வழக்கம் உண்டு. ஆனால் பிள்ளையையோ பெற்றோரையோ கேட்டுப் பெற்ற எல்லை அன்று அது. அதற்கும் பேக்கரின் 1.6 பாகைக்கும் ஒரே பெயர் வழங்குவது, கேட்போரைப் பெரிதும் மயக்குகிறது.

கருத்துள்ள மாற்றம் ஒருபுறமிருக்க, மாற்றம் என்பதே நிகழ்ந்ததா என்ற ஐயமும் உண்டு. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கமுடியும் என்று பார்க்கும் சோதனை, சுவாசநோயாளருக்காக வகுக்கப்பட்டுப் பின்னர் பிள்ளைகளிடம் வந்தது. ஒரே பிள்ளையை இரண்டு வெவ்வேறு நாட்களில், இடையில் எந்த வைத்தியமும் இன்றி, நடக்கவிட்டால் ஒரே தூரம் வருவதில்லை. துணையின்றி நடக்கும் பிள்ளைகளிடத்தில் ஏறக்குறைய 60 மீற்றருக்கு மேல் கூடினாலன்றி, அதனை உண்மையான மாற்றமென்று கொள்ளலாகாது எனக் கனடாவில் 2008இல் நிகழ்ந்த ஆய்வு கணித்தது. நடைச்சட்டமும் கக்கதண்டமும் கொண்டு நடப்போருக்கு அது 50 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. 40 மீற்றர் கூடிய பிள்ளை முன்னேறியதா, அன்றைக்கு உற்சாகமாக இருந்ததா என்பதை அந்த ஒரு சோதனை சொல்லாது.

ஆய்வுகூடத்து வெண்தரையிலே, தாயும் வைத்தியரும் பார்த்திருக்க நடப்பது வேறு. சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமையில் நடப்பது வேறு. சியாற்றிலில் கிறிஸ்ரி பியோர்ண்சன் முதலியோர், பிள்ளைகளின் கணுக்காலில் அடிகளை எண்ணும் சிறு கருவியொன்றைக் கட்டி அவர்களை வீட்டுக்கு அனுப்பினர். 2007இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில், பெருமூளை வாதமுள்ள பிள்ளைகள் ஏனைய பிள்ளைகளிலும் குறைவாகவே அடியெடுத்து வைத்தனர் என்பதும், நோயின் நிலை கடுமையாகுந்தோறும் அது மேலும் குறைந்தது என்பதும் பதிவாயின. பிள்ளை விளையாடப் போன நாளையும் போகாமல் வீட்டிலிருந்த நாளையும் அக்கருவி ஒன்றுபோலவே எண்ணியது.